அத்தையின் பின்கட்டும் மூன்று வயது மகளும்

வாசகி கேள்வி: டிரஸர் ஐயாவுக்கு வணக்கம். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் குத்தகை வேலை பார்க்கிறார். மகனுக்கு 8 வயது, மகளுக்கு 3. அத்தைக்கு 72 வயது. நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர், எதையும் தூக்கிப் போட விடமாட்டார். பின்கட்டு முழுக்க லயத்தில் இருந்து வந்த சாமான்கள்தான். போன மாதம் மகனுக்கு டிங்கி வந்து ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தான். சுகாதார இலாகாவில் இருந்து வந்தவர்கள் எங்கள் பின்கட்டிலேயே கொசுப்புழுவைக் கண்டுபிடித்தார்கள். அக்கம்பக்கத்தில் தலைகுனிவாகிவிட்டது. ஃபேஸ்புக்கில் பார்த்து பத்து பிளாஸ்டிக் பெட்டி வாங்கி எல்லாவற்றையும் அடுக்கினேன். இரண்டு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. குப்பைப் பையை எடுத்தாலே அத்தை அழுகிறார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பெயர் போட வேண்டாம்.

பதில்:

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் நல்லபடியாக வீடு திரும்பியதில் எனக்கும் நிம்மதி. தலைகுனிவு என்று எழுதியிருக்கிறீர்கள், அதை முதலில் விடுங்கள். தோட்டத்து மருந்தகத்தில் டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, 31 வருடம் வேலை பார்த்தவன் நான். தரையைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்த வீட்டில், சாமி மேடைச் செம்புத் தண்ணீரில் புழு நெளிந்ததைப் பார்த்திருக்கிறேன். டிங்கியைப் பரப்புகிற ஏடிஸ் கொசு அழுக்கைத் தேடி வருவதில்லை. அசையாத தெளிந்த தண்ணீர் ஒரு போத்தல் மூடி அளவு இருந்தாலே அதற்குப் போதும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உட்கார விடாத வரி வேறு. வீட்டுக்காரர் மருந்தடிக்கிறார், மகளுக்கு மூன்று வயது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகு பெட்டியும் அலமாரியும் எனக்கு அப்புறம்தான். அவர் அடிக்கிற மருந்து உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது?

1980-களில் நடந்ததைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு மாலை நேரம், தகப்பன் ஒருவர் நாலு வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடி வந்தார். லயத்தைச் சுற்றி மண்டிய புல்லுக்கு அடிக்கலாம் என்று, ஆரஞ்சு பானம் வாங்கிய போத்தலில் கொஞ்சம் புல் மருந்து ஊற்றி அடுப்படி மூலையில் வைத்திருந்தார்கள். பையன் ஒரு மடக்கு குடித்துவிட்டான். அது பாராகுவாட். தோட்டத்து லாரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான், லாரியில் போவது அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பாராகுவாட் அப்படித்தான். முதல் நாள் ஆள் நன்றாக இருப்பதுபோல் தெரியும். சிறுநீரகமும் நுரையீரலும் கெட்டுப்போவது பிறகுதான் தெரியவரும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. எட்டாம் நாள் பையன் போய்விட்டான். அந்தத் தாயை அதே லயத்தில் இன்னும் பல வருடம் பார்த்துக்கொண்டேதான் நான் வேலை செய்தேன். இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் அடுப்படி மூலைக்குத்தான் போகிறது.

பாராகுவாட்டை 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்துவிட்டார்கள். ஆனால் வீட்டுப் பின்புறத்தில் பல வருடமாகக் கிடக்கிற பழைய போத்தலுக்குத் தடை வந்த செய்தி தெரியாது. இப்போது அடிக்கிற கிளைபோசேட், குளுபோசினேட் மருந்துகளும் குழந்தை கைக்கு எட்டக்கூடாதவை. பால் வெட்டிய குடும்பம் என்பதால் இன்னொன்றையும் கேட்கிறேன். கித்தாப் பால் உறைய ஊற்றுகிற அசிட் போத்தல் ஏதாவது அந்தச் சாமான்களோடு சேர்ந்து வந்திருக்கிறதா? அது பார்மிக் அமிலம். பார்க்கப் பச்சைத் தண்ணீர் போல இருக்கும், வாயில் பட்டால் வாயும் குடலும் வெந்துபோகும்.

ஆகவே இன்று இரவே, பிள்ளைகள் தூங்கிய பிறகு, நீங்களும் வீட்டுக்காரரும் ஒரு டார்ச் விளக்கோடு பின்கட்டுக்குப் போங்கள். வேறு எதையும் அடுக்க வேண்டாம், கூட்டவும் வேண்டாம். போத்தல்களை மட்டும் பாருங்கள். குடிக்கிற பானத்தின் போத்தலில் குடிக்கக்கூடாதது ஏதாவது இருக்கிறதா, சீட்டு கிழிந்துபோன போத்தல் இருக்கிறதா, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று தேடுங்கள். என்னவென்று தெரியாததை மோந்து பார்க்க வேண்டாம். எல்லாவற்றையும் நிமிர்ந்த வாக்கில் ஒரு வாளியில் வைத்து, வீட்டுக்கு வெளியே உயரமான, பூட்டுப் போடக்கூடிய இடத்தில் வையுங்கள். கால்வாயில் ஊற்றிவிடாதீர்கள், அது ஆற்றுக்குத்தான் போகும். மறுநாள் வீட்டுக்காரர் தோட்டத்து ஸ்டோரில் கேட்கட்டும். அங்கே எடுத்துக்கொள்ளவில்லை என்றால் மாவட்ட விவசாய இலாகா அலுவலகத்தில் கேட்கலாம். இனிமேல் மருந்து வேலை இடத்திலேயே இருக்கட்டும், மிச்சத்தில் ஒரு சொட்டுகூட வீட்டுக்கு வர வேண்டாம். வீட்டைச் சுற்றி இருக்கிற புல்லுக்குச் சங்குல் (மண்வெட்டி) போதும்.

அவர் உடம்பிலும் உடுப்பிலும் மருந்து வீட்டுக்குள் வரும், அதையும் யோசிக்க வேண்டும். மகள் அப்பாவைப் பார்த்ததும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வாள். அதற்கு முன்னால் அவர் பின்பக்கமாக வந்து, காலணியை வெளியே விட்டு, உடுப்பைத் தனி வாளியில் போட்டு, குளித்துவிட வேண்டும். அந்த உடுப்பைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

யாராவது எதையாவது குடித்துவிட்டால் வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், பால் எதுவும் கொடுக்க வேண்டாம். 999-க்கு அழையுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிற தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099. இதை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது போத்தலையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர்கள் நேரம் கடத்தாமல் வேலையைத் தொடங்க முடியும்.

விஷம் என்றால் தோட்டத்து மருந்து மட்டும் இல்லை. நம் வீடுகளில் மூன்று பொருள்களை நாம் விஷமாகவே நினைப்பதில்லை. முதலாவது கற்பூரம். வெள்ளையாக, மிட்டாய் மாதிரி, சாமி மேடைக்குக் கீழே குழந்தை கைக்கு எட்டுகிற தட்டில் இருக்கும். ஒன்றிரண்டு வில்லையை விழுங்கினாலும் சிறு குழந்தைக்குச் சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். அந்துருண்டையும் அப்படித்தான். பிறந்தவுடன் உங்கள் பிள்ளைகளுக்கு ஜி6பிடி (ரத்த அணுவில் ஒரு நொதி குறைவாக இருக்கிறதா என்று பார்க்கிற) சோதனை செய்திருப்பார்கள். அந்தக் குறை உள்ள குழந்தைக்கு அந்துருண்டை ஆகவே ஆகாது, வாசனையோடு எடுத்த துணியைப் போட்டாலே ரத்த அணுக்கள் உடையலாம். குறை இல்லாத வீட்டுக்கும் அது தேவையில்லை, புடவையை வெயிலில் காய வைத்து மடித்தால் போதும்.

மூன்றாவது அத்தையின் மாத்திரை. அத்தைக்கு இனிப்புநீர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. 72 வயது என்கிறபோது இருக்கலாம் என்று நினைத்துச் சொல்கிறேன். அரசாங்க கிளினிக்கில் மாத்திரையைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருகிறார்கள், குழந்தை அதைச் சுலபமாகப் பிரித்துவிடும். கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை ஒன்றே ஒன்று போதும், மூன்று வயதுக் குழந்தையின் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அதுவும் உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்துக் குழந்தை தூங்குவது மாதிரி மயங்கிக் கிடக்கும். வாங்கிய பத்துப் பெட்டியில் முதல் பெட்டிக்கு வேலை வந்துவிட்டது பாருங்கள். வீட்டில் உள்ள எல்லா மருந்தும் அதற்குள், அலமாரியின் மேல் தட்டில், கொக்கி போட்ட கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வேளைக்கு நீங்களோ வீட்டுக்காரரோ எடுத்துக் கொடுங்கள். மிஞ்சிப்போன பழைய மாத்திரைகளை அரசாங்க கிளினிக் மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சரி, இனி டிங்கிக்கு வருவோம்.

மகனுக்கு ஒருமுறை வந்துவிட்டதால் இனி வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிங்கி கிருமியில் நான்கு வகை உண்டு. வந்த வகை திரும்ப வராதே தவிர, மற்ற மூன்றும் வரலாம். இரண்டாவது முறை வேறு வகை வந்தால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். அதனால்தான் உங்கள் பின்கட்டை நான் சாதாரணமாக விடவில்லை.

புகை அடித்துவிட்டுப் போனார்களே, போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் இருக்கிற புழுவுக்கும் பாத்திரத்து ஓரத்தில் ஒட்டியிருக்கிற முட்டைக்கும் ஒன்றும் ஆகாது. முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். தண்ணீர் வற்றிப்போனாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி காத்திருந்து, மழை பெய்ததும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உள்பக்க ஓரத்தைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். நம் வீடுகளில் பலர் விட்டுவிடுவது இந்தத் தேய்ப்பைத்தான்.

வாரத்துக்கு 10 நிமிடம் என்று சுகாதார அமைச்சு சொல்லிக்கொண்டே இருக்கிறதே, அந்தக் கணக்கு இந்த 7 நாளில் இருந்து வருவதுதான். லயத்தில் இந்த வேலையை யாராவது உங்களுக்காகச் செய்தார்கள். வாரம் ஒரு நாள் காலையில் மண்டோரோடு (வேலை மேற்பார்வையாளரோடு) லயம் சுற்றிப் பார்ப்பது என் வேலை. கால்வாயில் தண்ணீர் ஓடுகிறதா, தொட்டி மூடியிருக்கிறதா, அடுப்படியில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பேன். சிலர் என்னைக் கண்டால் முணுமுணுப்பார்கள். லயத்து ஓரமாக ஓடிய அந்தச் சிமெண்டுக் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. 1901-ல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பை வடிய வைத்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். தோட்டங்களில் கால்வாய் வெட்டுவது பரவியது அதற்குப் பிறகுதான். தாமானுக்கு வந்த பிறகு சுற்றிப் பார்க்க ஆள் இல்லாமல் போய்விட்டது. சுகாதார இலாகா நோய் வந்த பிறகுதான் வருகிறது. புழு கண்டால் 500 ரிங்கிட் வரை கம்பவுண்ட் போட 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த டிரஸர் வேலையை இனி உங்கள் வீட்டில் ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லப்போகிற ஆளைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். உங்கள் அத்தைதான்.

அவர் ஏன் எதையும் தூக்கிப் போட விடுவதில்லை என்று நினைக்கிறீர்கள்? அந்தத் தலைமுறை லயத்தில் எப்படி வாழ்ந்தது என்பதை நான் அருகில் இருந்து பார்த்தவன். வாளி ஓட்டையானால் அடுத்த வாளிக்குச் சம்பளம் வரும்வரை காத்திருக்க வேண்டும். தகரம், கம்பி, கயிறு, பலகை எதுவாக இருந்தாலும் ஒரு நாள் உதவும், உதவியும் இருக்கிறது. வீடும் அவர்களுக்குச் சொந்தமில்லை. தோட்டம் கைமாறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சொந்தம் என்று சொல்ல அவர்களிடம் இருந்தது தூக்கிக்கொண்டு போகக்கூடிய இந்தச் சாமான்கள்தான். நீங்கள் குப்பைப் பையைப் பிரித்துப் பிடிக்கும்போது அத்தை கண்ணுக்கு அதற்குள் போவது தகரமாகத் தெரியாது, நாற்பது வருட உழைப்பாகத் தெரியும். அவர் வெளியே போன நேரம் பார்த்துத் தூக்கிப் போடலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்தால் மிச்சம் இருப்பதை அவர் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்க ஆரம்பித்துவிடுவார், பிறகு யாராலும் எடுக்க முடியாது.

ஒரு ஞாயிறு காலை பின்கட்டில் அவருக்கு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். கையில் ஒரு டீ கொடுங்கள். நீங்களும் மகனும் ஒவ்வொரு பொருளாக எடுத்து அவர் முன்னால் வைத்து, இது என்ன, எதற்கு வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். இதை வைக்கலாமா வேண்டாமா என்று முதலில் கேட்காதீர்கள், வேண்டும் என்றுதான் சொல்வார். தண்ணீர் தேங்குமா என்று மட்டும் கேளுங்கள். அதற்கு அவர் பொய் சொல்ல மாட்டார். பால் வெட்டியவருக்கு இது நம் எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். மரத்தில் கட்டிய கோப்பையை வெட்டாத நாளில் கவிழ்த்து வைக்காவிட்டால் கொசு பெருகும் என்பது கித்தாக்காட்டில் அவர் கண்ணால் கண்டது. காட்டிலும் தோப்பிலும் இருக்கிற ஏடிஸ் வகைக்கு அந்தக் கோப்பை பிடித்தமான தொட்டில். பேரனுக்கு வந்த காய்ச்சலுக்கும் பின்கட்டில் மல்லாந்து கிடக்கிற கோப்பைக்கும் உள்ள தொடர்பை நீங்கள் சொல்வதைவிட அவரே சொல்லட்டும்.

தேங்காதது இருக்கட்டும். தேங்குவதில் உதவுவதைத் துளை போட்டோ கவிழ்த்தோ கூரைக்குக் கீழே வையுங்கள், உதவாததை அவர் கையாலேயே ஒதுக்கச் சொல்லுங்கள். தகரமும் பழைய இரும்பும் வாங்குகிற லாரி வரும்போது காசை அத்தை கையிலேயே வாங்கிக் கொள்ளச் சொல்லுங்கள். இது பல வீடுகளில் நான் பார்த்தது. சாமானை விட்டுக்கொடுக்காதவர்கள்கூட அது விலை போகிறது என்று தெரிந்தால் மனம் ஆறிவிடுவார்கள். ஒரே நாளில் முடியாது. நாலு ஞாயிறு ஆகட்டும். மிஞ்சும் மரச்சாமான், மெத்தைகளை எடுத்துப்போக நகராண்மைக் கழகத்தில் கேளுங்கள். பின்பக்கம் வைத்துக் கொளுத்த வேண்டாம், அது சட்டப்படி குற்றம்.

அதற்குப் பிறகு வாராவாரம் அத்தையும் பேரனும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வரட்டும். பேரன் கையில் டார்ச், பாட்டி கையில் பிரஷ். எங்கே பார்க்க வேண்டும் என்பதற்கு என் அனுபவத்தில் அடிக்கடி புழு கிடைத்த இடங்களைச் சொல்கிறேன். ஐஸ்பெட்டிக்குப் பின்னால், அடியில் இருக்கிற தட்டு. எறும்புக்காக அலமாரிக் காலுக்கு வைத்த தண்ணீர்க் கிண்ணம். சாமி மேடைச் செம்பும் பூ வைத்த சாடியும். போத்தலில் வளர்க்கிற மணி பிளாண்ட். கூரை ஓரத்துத் தகரக்குழாயில் சருகு அடைத்த இடம். துடைப்பம் ஊற வைத்து மறந்துபோன வாளி. சிலாங்கூரில் தண்ணீர் வெட்டு வரும் என்று பயந்து எல்லோரும் தோம்பில் (பீப்பாயில்) பிடித்து வைக்கிறோம், அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். விளிம்போடு இறுக மூடுங்கள். மூடி இல்லாவிட்டால் கொசுவலைத் துணியைப் போட்டு ரப்பரால் கட்டுங்கள். கொசுப்புழுவைக் கொல்லுகிற அபேட் மருந்து போடுவதானால் 10 லிட்டருக்கு 1 கிராம், 200 லிட்டர் தோம்புக்கு 20 கிராம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பிடித்து வைக்கிற வீட்டுக்கு இன்னொரு எச்சரிக்கை. மூன்று வயதுக் குழந்தை தலைகுப்புற ஒரு வாளியில் விழுந்தால் தானாக எழ முடியாது. சத்தமும் வராது. குளியலறை வாளியை வேலை முடிந்ததும் கவிழ்த்து வைத்து, கதவுக்கு மேல்பக்கமாக ஒரு கொக்கி போடுங்கள்.

அதே குளியலறை அத்தைக்கும் ஆபத்தான இடம். பாசி பிடித்த தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த பிறகு பழையபடி நடக்காமலே போன பாட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாரம் ஒருமுறை தரையைத் தேய்த்துப் பாசி எடுங்கள். கழிவறைப் பக்கம் சுவரில் ஒரு கைப்பிடி, சுவரில் நன்றாக ஊன்றியதாக, ஒரு கொத்தனாரை வைத்துப் போட்டுவிடுங்கள். துணி மாட்டுகிற கம்பியைக் கைப்பிடியாக நினைக்க வேண்டாம், அது எடை தாங்காது. கட்டிலில் இருந்து கழிவறை வரை உள்ள வழியில் பெட்டி, செருப்பு, கால்மிதி ஒன்றும் கிடக்கக்கூடாது, ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கழுவும்போது குளோரோக்ஸையும் கழிவறைக்கு ஊற்றுகிற அமில மருந்தையும் சேர்த்து ஊற்றாதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது மூச்சை அடைக்கும்.

எலியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. செம்பனைக்குப் பக்கத்து வீடு என்றால் இல்லாமல் இருக்காது. தோட்டங்களில் எலிக்காகவே ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைக்கிறார்களே, அவ்வளவு எலி. எலி மூத்திரத்தால் லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சல் வரும், எலி இருக்கிற இடத்துக்கு நாகமும் வரும். அரிசியை மூட்டையாக வைக்காமல் மூடியுள்ள தகரத்தில் கொட்டுங்கள், ஒரு விரல் நுழைகிற ஓட்டை எதுவானாலும் கம்பிவலையும் சிமெண்டும் வைத்து அடையுங்கள். கந்தகம் தூவினால் பாம்பு வராது என்பதை நம்பாதீர்கள். பாம்பு வந்துவிட்டால் பாராங்கோடு யாரும் கிட்டே போக வேண்டாம், 999-க்கு அழைத்தால் பொதுத் தற்காப்புப் படையோ தீயணைப்புப் படையோ வந்து பிடிப்பார்கள்.

அடுப்படிக்கு வந்தால், கேஸ் தோம்பின் ரப்பர் குழாயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இந்த வீட்டுக்கு வந்தே இரண்டு வருடம் என்கிறீர்கள், ஆகவே இப்போதே மாற்றிவிடலாம். சிரிம் தரச்சான்று முத்திரை பார்த்து வாங்குங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். வாசனை வந்தால் விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தோம்பை மூடிவிட்டுக் கதவு சன்னலைத் திறந்துவைத்து வெளியே வாருங்கள். மூன்று முனை பிளக் தாங்குவது ஏறக்குறைய 3,000 வாட். கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே நீட்டு வயரில் போட்டால் அந்த அளவைத் தாண்டிவிடும். கெட்டில் அடியில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும், பாருங்கள். மெயின் சுவிட்ச் பெட்டியில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் கரண்டு பட்டென்று வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

கிரில் கதவைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். தாமான் வீடுகளில் முன்னாலும் பின்னாலும் இரும்புக் கம்பி, இரவில் பூட்டு. திருடனுக்குப் பயந்து போடுகிறோம், நியாயம்தான். ஆனால் தீப்பிடித்த வீட்டில் சாவியைத் தேடித் தேடி உள்ளேயே போனவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுச் சாவி இப்போது எங்கே இருக்கிறது? உங்கள் கைப்பையிலா, வீட்டுக்காரர் காற்சட்டையிலா? ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சாவி, அந்தக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில், வெளியில் இருந்து கை எட்டாத தூரத்தில், அத்தைக்கும் மகனுக்கும் எட்டுகிற உயரத்தில் ஆணியில் தொங்க வேண்டும். எடுத்தால் திரும்ப அதே ஆணி. ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு மகனையும் அத்தையையும் தனித்தனியாகப் பூட்டைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். திறக்க முடியாத பூட்டாக இருந்தால் பூட்டை மாற்றுங்கள். சாமி விளக்கைப் படுக்கும் முன் அணைத்துவிடுங்கள், அதில் தெய்வக்குற்றம் ஏதும் இல்லை. திரைச்சீலை பக்கத்தில் இருந்தால் மேடையை நகர்த்துங்கள்.

இரண்டாவது பிளாஸ்டிக் பெட்டிக்கும் ஒரு வேலை சொல்கிறேன். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை நகல், திருமணப் பத்திரம், வீட்டுப் பத்திரம், கிளினிக் புத்தகம் எல்லாம் தண்ணீர் புகாத உறையில் போட்டு அதற்குள் வையுங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூர் பட்ட பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிக்கும் வேலைக்கும் அலைந்த தோட்டத்துப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். பெட்டி அலமாரி மேல் இருக்கட்டும், ஓடும்போது ஒரு கையால் எடுக்கிற மாதிரி.

மீதி எட்டுப் பெட்டி வெறுமையாகவே இருக்கட்டும், அவசரம் இல்லை. என்ன மிஞ்சுகிறது என்று தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழையபடி ஆகிவிட்டது என்று வருத்தப்பட்டீர்களே, வேண்டாத பொருளையும் வேண்டிய பொருளையும் சேர்த்து ஒரே பெட்டியில் போட்டதால் வந்தது அது. தேடும்போது எல்லாவற்றையும் கொட்டித்தானே ஆக வேண்டும்.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். அத்தையின் பால்வெட்டுக் கத்திகள் மூன்று இருக்கின்றன, துரு ஏறிவிட்டது, பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வைக்கலாமா என்று. வைக்கலாம். துருவைத் தேய்த்து, எண்ணெய் தடவி, கூர் முனையில் தடித்த துணியைச் சுற்றிக் கட்டுங்கள். இரண்டைப் பூட்டி வையுங்கள். ஒன்றை மகளுக்கு எட்டாத உயரத்தில் முன்னறைச் சுவரில் மாட்டிவிடுங்கள். மாட்டுவதற்கு முன்னால், அதை எப்படிப் பிடிப்பது, பட்டையை எந்தச் சரிவில் சீவுவது என்று பேரனுக்குக் காட்டச் சொல்லி அத்தையைக் கேளுங்கள்.